ஈரலுக்கு வலிக்கத் தெரியாது

(கல்லீரல் புற்றுநோயின் அறிகுறிகள் பற்றி, வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற குடல், ஈரல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த நண்பர் போனில் சொன்னது இதுதான்: "டாக்டர், கல்லீரல் புற்றுநோய்க்குப் பத்து அறிகுறி சொல்லிடுங்க. போர்டுல எழுதிப் போட்டுடறோம். எல்லாரும் செல்போன்ல படம் எடுத்துக்குவாங்க." பத்து என்ன, பதினைந்தே சொல்கிறேன் என்றேன். ஆனால் போர்டில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதனால்தான் பின்னால் இருக்கும் பலகை காலியாக இருக்கிறது. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டினால் "ஈரக்குலையே நடுங்கிப் போச்சு" என்போம். அச்சம் குடியிருக்கும் இடம் ஈரல் என்று நம் பாட்டிமார் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடம் அந்த ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்: உடம்பில் எதற்கும் அசையாத உறுப்பு அதுதான். அதன் சதையில் கத்தி வைத்தாலும் வலிக்காது.

வலது பக்க விலா எலும்புகளுக்கு உள்ளே ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. உடலின் உள்ளுறுப்புகளில் இதுவே பெரியது. ஈரலின் சதைக்குள் வலியை உணரும் நரம்பு இல்லை. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் உண்டு. உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்தாலும், அது அந்த உறையை இழுக்காதவரை சொந்தக்காரருக்குச் செய்தி போகாது. போதாததற்கு, இது கடும் உழைப்பாளி. ஆரோக்கியமான ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்தெடுத்தாலும், மிச்சம் இருப்பது வேலையைச் சமாளித்துக்கொண்டு, சில வாரங்களில் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். அதனால் ஒரு மூலையில் புற்று வளர்ந்துகொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனைச் சீட்டு நல்லபடியாகவே வரலாம். வீட்டில் ஒருவர் முனகாமல் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருப்பார், அவருக்கு உடம்பு சரியில்லை என்பது விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும் இல்லையா? அந்த மாதிரிதான்.

இதன் விலையை இரண்டு எண்களில் சொல்லலாம். 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 8 லட்சத்து 66 ஆயிரம் பேர். அதே ஆண்டில் அந்நோயால் இறந்தவர்கள் சுமார் 7 லட்சத்து 58 ஆயிரம் பேர். இரண்டும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன பாருங்கள். மார்பகப் புற்றில் இப்படி இல்லை. பெரும்பாலானவர்கள் காலம் கடந்தே கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம். ஒரு லாரி ஓட்டுநரிடமிருந்து தொடங்குகிறேன்.

ஐம்பதை நெருங்கிய மனிதர். மூன்று மாதமாக வலது தோளில் வலி. லாரி ஓட்டுபவருக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்த்தார், சுளுக்கு எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. என்னிடம் வந்தது தோளுக்காக அல்ல, "சாப்பாடு இறங்கலைங்க. ரெண்டு இட்லியிலயே வயிறு ரொம்பிடுது" என்பதற்காக. தோளைப் பற்றிப் போகிற போக்கில்தான் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னேன். தலைக்கு மேல் தூக்கினார், சுற்றினார், வலிக்கவில்லை. மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னேன். "இப்பதாங்க வலிக்குது" என்றார். தோள் மூட்டில் கோளாறு என்றால் கையை அசைத்தால் வலிக்க வேண்டும். மூச்சு இழுத்தால் ஏன் வலிக்கிறது? படுக்கவைத்து வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்தேன். மூச்சு இழுக்கும்போது பலகை விளிம்பு போலக் கெட்டியாக ஒன்று இறங்கி வந்து விரலில் இடித்தது. ஈரல்.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வுத் தசையான உதரவிதானம் ஈரலின் தலைமேல் கூரைபோல இருக்கிறது. அதற்குச் செல்லும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோள்பட்டைத் தோலுக்கும் அதே கழுத்துப் பகுதியிலிருந்துதான் நரம்பு போகிறது. ஈரலின் மேற்பகுதியில் வளரும் கட்டி உதரவிதானத்தை உரசினால், மூளை முகவரியைத் தவறாகப் படித்து, தோளில் வலிக்கிறது என்று எழுதிக்கொள்கிறது. தோள்வலி வந்தவர்கள் எல்லாரும் நாளைக்கே ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். தோள் வலியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தோள் வலிதான். அசைத்தால் வலிக்காமல், மூச்சில் வலித்து, கூடவே பசியும் போயிருந்தால் அது வேறு கதை.

வலி எப்போதும் தோளுக்குத்தான் போகும் என்றில்லை. வலது மேல்வயிற்றில் ஊசியாகக் குத்தாமல் ஒரு பாரம், ஒரு மந்தமான நோவு, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாத சங்கடம் என்று வருவதே வழக்கம். "கேஸ் டிரபிள்" என்று நாமே பெயர் வைத்து, சோடா குடித்து ஆறு மாதம் ஓட்டிவிடுவோம். சிலருக்கு, காரணம் தெரியாத லேசான காய்ச்சல் வாரக்கணக்கில் இருக்கும். எப்போதாவது கட்டி வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, திடீரென்று தாங்க முடியாத வலியோடு ஆள் சரிந்துவிடுவதும் உண்டு. அது அவசர நிலை.

எடை குறைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புற்றுநோய் என்றால் எடை குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஈரல் நோய் முற்றினால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பழைய வைத்தியர்கள் மகோதரம் என்றார்கள். சதை கரைவதை நீர் ஈடுகட்டிவிடும். எடை மெஷின் மாறாத எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு அம்மா தன் கணவரைப் பற்றிச் சொன்னதை நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்: "வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது, பிதுங்குது டாக்டர். ஆனா சட்டை பாத்தீங்கன்னா ஆணியில மாட்டின மாதிரி தொங்குது." இதைவிடத் துல்லியமான வர்ணனையைப் பாடப்புத்தகத்தில் நான் படித்ததில்லை. தோளும் கையும் கன்னமும் வற்றி, வயிறு மட்டும் முன்னால் வந்தால் அது தொப்பை அல்ல. கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அங்கேயும் நீர் இருக்கிறது.

அடுத்தது மஞ்சள் காமாலை. ஈரல் என்றவுடன் நம்மவர்களுக்கு நினைவு வருவது இதுதான். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பழமொழியே இருக்கிறது. பழமொழி பாவம், பொய். காமாலைக்காரருக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை. அவரைப் பார்க்கும் நமக்குத்தான் அவர் மஞ்சளாகத் தெரிகிறார். அதுவும் பகல் வெளிச்சத்தில், கண்ணின் வெள்ளையில். டியூப் லைட்டை நம்பாதீர்கள். கண்ணுக்கு முன்பே சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பும் இருந்தால் பித்த நாளம் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

காமாலை என்றதும் கீழாநெல்லியைச் சொல்லாமல் போனால் இந்த அவை என்னை விடாது. கீழாநெல்லியைக் கேலி செய்ய நான் வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு அதை முறையாகச் சோதித்து, 1988-இல் லான்செட் இதழில் எழுதியது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை நாள்பட்டுச் சுமப்பவர்கள் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர், அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க். நாங்கள் எல்லாம் துள்ளிக் குதித்தோம். ஆனால் பிறகு வெவ்வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஊர்ச் செடி என்பதற்காக அதை மறைக்க முடியாது.

அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்குக் கீழாநெல்லியில் காமாலை குணமானது எப்படி? அழுக்குத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். கீழாநெல்லி குடித்தாலும் போகும், மோர் குடித்தாலும் போகும். பேர் மட்டும் செடிக்கு. இளவயதில் அப்படி ஒருமுறை குணமானவர்தான், ஐம்பத்தைந்து வயதில் மறுபடி கண் மஞ்சளாகும்போது "இது நமக்குத் தெரிஞ்ச வியாதி" என்று பத்தியம் இருந்து இரண்டு மாதத்தைத் தொலைக்கிறார். நாற்பது வயதுக்கு மேல் வரும் காமாலைக்கு ஸ்கேன் எடுக்காமல் யார் மருந்து கொடுத்தாலும், அலோபதியோ சித்தாவோ, வாங்காதீர்கள்.

இந்தப் புற்று வர வாய்ப்பு அதிகம் உள்ள ஈரல் சுருக்கக்காரர்களுக்கு, அதாவது ஈரல் இறுகிச் சுருங்கியவர்களுக்கு, இன்னும் சில அடையாளங்கள் உண்டு. குடலிலிருந்து வரும் ரத்தம் இறுகிய ஈரலுக்குள் நுழைய வழியில்லாமல் உணவுக் குழாயின் சிரைகளை வீங்கவைக்கும். அவை வெடித்தால் ரத்த வாந்தி. அல்லது மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றத்தோடு போகும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது. லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போகும். ஆண்களுக்கு மார்பு பெருக்கும். உள்ளங்கை சிவக்கும், மார்பின் தோலில் சிலந்தி போன்ற செந்நிற நாளங்கள் தெரியும் என்று புத்தகம் சொல்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதினார்கள். நம் நிறத்தில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது மருத்துவருக்கே கஷ்டம்.

நம் வீடுகளில் தெளிவாகத் தெரிந்தும் கண்டுகொள்ளப்படாத ஒன்று உண்டு. ஒரு ஓய்வூதியக்காரர். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடம் போட்ட கையெழுத்து. வீட்டில், பகலெல்லாம் தூங்குகிறார், ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். பேரனைத் தன் தம்பி என்று கூப்பிட்டார். வயசாயிடுச்சு என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டில் திருநீறு போடச் சொன்னார்கள். கைகளை முன்னால் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல மணிக்கட்டை மடக்கச் சொன்னேன். கை, பறவை சிறகடிப்பதுபோல விட்டுவிட்டு அடித்தது. ஈரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா போன்ற கழிவுகள் மூளைக்குப் போய்க்கொண்டிருந்தன. மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்ததும் நாலு நாளில் பேரன் பேரனானான். ஆனால் அதுவரை மாத்திரையில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த ஈரல் நோய் ஏன் திடீரென்று மோசமானது? அந்தக் கேள்விக்குப் பதில் ஸ்கேனில் இருந்தது: பெரிய ரத்தக்குழாய்க்குள் புகுந்த கட்டி. ஈரல் சுருக்கம் உள்ளவர் ஒருவர் நன்றாக இருந்து, காரணமில்லாமல் சட்டென்று சரிந்தால் (நீர் கோத்தாலும் சரி, குழம்பினாலும் சரி) புற்றைத் தேட வேண்டும்.

இன்னொன்று, கேட்டால் நம்ப மாட்டீர்கள்: சந்தோஷமே அறிகுறியாக வருவது. சுகர்க்காரர் ஒருவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "மாத்திரையைக் குறைச்சுட்டாங்க டாக்டர். சுகர் தானா இறங்கிடுச்சு. ரெண்டு தடவை லோ கூட ஆயிடுச்சு." நடக்கவில்லை, பத்தியமில்லை, பழக்கம் எதுவும் மாறவில்லை. சில ஈரல் கட்டிகள் சர்க்கரையை விழுங்கும். சில, இன்சுலின் போல வேலை செய்யும் பொருளைச் சுரக்கும். நலிந்த ஈரலால் சர்க்கரையைச் சேமித்துக் கொடுக்கவும் முடியாது. உழைக்காமல் வந்த லாபத்தைப் பார்த்தால் நம் ஊர் வியாபாரிக்குச் சந்தேகம் வரும். உழைக்காமல் இறங்கிய சர்க்கரையிலும் அந்தச் சந்தேகம் வேண்டும். இது அபூர்வம்தான். ஆனாலும் அந்த இனிப்புப் பெட்டி எனக்கு மறக்கவில்லை.

இப்போது பலகை ஏன் காலி என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை நான் சொன்னவை எல்லாம் உண்மையான அறிகுறிகள். இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் இவை எல்லாமே பின்னால் வருபவை. குணப்படுத்தக்கூடிய அளவில் கட்டி இருக்கும்போது இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் இருப்பதுதான் வழக்கம். பத்து அறிகுறியைப் படம் எடுத்துக்கொண்டு போனவர், மாதம் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்து, "நமக்கு ஒண்ணும் இல்ல" என்று நிம்மதியாக இருப்பார். அந்த நிம்மதிக்கு நான் உடந்தையாக விரும்பவில்லை.

உடம்பில் அறிகுறி வருவதற்குப் பத்து, இருபது வருடம் முன்பே காகிதத்தில் வந்துவிடுகிறது. அதைத்தான் நாம் படிப்பதில்லை.

முதல் காகிதம் ரத்த வங்கியிலிருந்து வருவது. தலைவர் பிறந்தநாளுக்கோ கல்லூரி முகாமிலோ ரத்தம் கொடுத்திருப்பீர்கள். கொடுத்த ரத்தத்தை எல்லாம் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. உள்ளிட்டவற்றுக்குச் சோதிப்பார்கள். சிலருக்கு "வந்து பாருங்கள்" என்று கடிதமோ போனோ வரும். இருபது வயதில் உடம்பு இரும்பு மாதிரி இருக்கும்போது யார் போவார்? இரண்டாவது, பிரசவத்தின்போது தாயின் கோப்பில் எழுதப்பட்டது. மூன்றாவது, வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் விசா கிடைக்காமல் போன காரணம். வேலை போன வருத்தத்தில், எதனால் போனது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஹெபடைடிஸ் பி வைரஸுக்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள உறவைச் சொன்னால் அந்தக் காகிதத்தின் கனம் புரியும். பரூச் புளும்பெர்க் 1960-களில் உலகெங்கும் ரத்த மாதிரிகளைச் சேர்த்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதிய புரதம் ஒன்று அகப்பட்டது. 1965-இல் அதை வெளியிட்டார். அது இந்த வைரஸின் மேலுறை என்று பின்னால் தெரிந்தது. 1976-இல் நோபல். அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் நாளாகக் கொண்டாடுகிறோம். அதன்பின் பால்மர் பீஸ்லி என்ற அமெரிக்கர் தைவானில் ஒரு காரியம் செய்தார். 22,707 ஆண்களின் ரத்தத்தைச் சோதித்து, யாருக்கு வைரஸ் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் காத்திருந்தார். 1981-இல் கணக்கைச் சொன்னார்: கல்லீரல் புற்றில் இறந்தவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்கள். அபாயம் 223 மடங்கு. புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவுகூட இந்தக் கணக்குக்கு முன்னால் சிறியது.

தைவான் சும்மா இருக்கவில்லை. 1984-இல் பச்சைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 1997-இல் வந்த ஆய்வில், 6 முதல் 14 வயதுக் குழந்தைகளின் கல்லீரல் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்க முடியும் என்று உலகம் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். நம் நாட்டில் 2002-இல் சில இடங்களில் தொடங்கி, 2011-இல்தான் நாடு முழுக்கப் பொதுத் திட்டத்தில் வந்தது. ஆகவே இந்த அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஊசி போடாத தலைமுறை. பிறந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசி மிக முக்கியம், ஏனென்றால் தாயிடமிருந்து பிரசவத்தில் தொற்றும் குழந்தைக்குத்தான் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தங்குகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இதைச் சுமக்கிறார்கள். சேர்ந்து சாப்பிடுவதாலோ, கை குலுக்குவதாலோ இது பரவாது. இதைச் சத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாசிட்டிவ் என்று தெரிந்த மருமகளுக்குத் தனித் தட்டு வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தால்தான் காகிதம் பீரோவுக்கு அடியில் போகிறது.

ஹெபடைடிஸ் சி-க்கு ஊசி இல்லை. ஆனால் மூன்று மாத மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குணமாகிவிடுகிறது.

அடுத்த காகிதம் உங்களில் பாதிப்பேர் வீட்டில் இருக்கும். வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுத்திருப்பீர்கள். கடைசி வரியில் "ஃபேட்டி லிவர்" என்று போட்டிருக்கும். "அது எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லி மூடிவைத்திருப்பீர்கள். நிறையப் பேருக்கு இருப்பது உண்மைதான். அவர்கள் எல்லாருக்கும் புற்று வராது என்பதும் உண்மை. ஆனால் கூடவே சுகர் இருக்கிறது, இடுப்பு பெருத்திருக்கிறது என்றால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஒருமுறையாவது அளக்க வேண்டும். அதற்கு ஃபைப்ரோஸ்கேன் என்று வலியில்லாத சோதனை இருக்கிறது. மதுவைப் பற்றி நீங்கள் எதிர்பார்க்கும் பிரசங்கத்தை நான் செய்யப்போவதில்லை. ஒன்று மட்டும்: குடியை நிறுத்திய பிறகும் ஈரல் சுருக்கம் இருந்தால் கண்காணிப்பு தொடர வேண்டும். நிறுத்திவிட்டோமே என்று சோதனையையும் நிறுத்துகிறார்கள்.

பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன; தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு காரணம். அஃப்லாடாக்சின் என்று பெயர். ஹெபடைடிஸ் பி இருப்பவர் ஈரலில் அந்த நஞ்சும் சேர்ந்தால் அபாயம் பல மடங்கு. வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கி, நிறம் மாறி, கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள். காசு போகிறதே என்று பொடி அரைக்காதீர்கள்.

இனி சோதனை. யாருக்கு? எந்தக் காரணத்தால் ஈரல் சுருக்கம் வந்தவராக இருந்தாலும் அவருக்கு. சுருக்கம் இல்லாவிட்டாலும், ஹெபடைடிஸ் பி உள்ள நடுவயதினருக்கும், அந்த வைரஸோடு குடும்பத்தில் இந்தப் புற்றும் இருந்தவர்களுக்கும். ஈரல் சுருக்கம் உள்ள நூறு பேரில் வருடத்துக்கு இரண்டு முதல் நான்கு பேருக்குப் புற்று வரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி. என்ற ரத்தச் சோதனை. ஆறு மாதம் ஏன்? இந்தக் கட்டி இரட்டிப்பாகப் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அது நம்மை முந்திவிடும். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது. கருவில் இருக்கும் குழந்தைக்கே எடுப்பதுதான். ஷாங்காயில் ஹெபடைடிஸ் பி தொடர்புடைய 18,816 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்தார்கள். 2004-இல் வந்த முடிவு: அந்தப் பிரிவில் கல்லீரல் புற்றால் நேர்ந்த மரணம் 37 சதவீதம் குறைவு. கூப்பிட்ட எல்லாரும் ஒழுங்காக வராமலேயே இந்தப் பலன்.

ஏ.எஃப்.பி. நார்மல் என்று வந்தால் புற்று இல்லை என்று ஆகாது. சிறிய கட்டிகளில் கணிசமானவை அதைச் சுரப்பதே இல்லை. ஸ்கேனில் கட்டி தெரிந்தால் எல்லாம் புற்று என்றும் ஆகாது. ரத்தநாளங்கள் சுருண்டு உருவாகும் தீங்கற்ற கட்டிகள் நிறையப் பேருக்கு உண்டு. சந்தேகம் என்றால் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஈரலுக்கு ரத்தம் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் பெரிய சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. புற்றுக் கட்டியோ தமனியிலிருந்துதான் உறிஞ்சும். அதனால் ஊசியில் போட்ட மருந்து தமனியில் ஓடும் முதல் சில நொடிகளில் கட்டி மட்டும் பளிச்சென்று எரியும். ஈரல் முழுவதும் வெளிச்சமாகும்போது அது இருண்டுவிடும். அந்தத் திருட்டு முழியை வைத்தே, ஈரல் சுருக்கம் உள்ளவர்களிடம், சதை எடுக்காமல் நோயை உறுதிசெய்கிறோம். "ஊசி குத்தினா பரவிடும்" என்று நம் ஊரில் ஒரு பயம் உண்டு. மற்ற பல புற்றுகளில் அது வீண் பயம். இங்கே அதற்குச் சிறிது ஆதாரம் உண்டு. அதனால்தான் தேவையில்லாமல் குத்துவதில்லை.

சீக்கிரம் கண்டால் என்ன ஆகும்? மிலன் நகரில் மட்சாஃபெரோ என்ற அறுவை மருத்துவர் 1996-இல் காட்டிய அளவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரே கட்டி என்றால் ஐந்து சென்டிமீட்டருக்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குள், ரத்தக்குழாய்க்குள் புகாமல் இருந்தால், மாற்று ஈரல் பொருத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் நான்கு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். சின்னக் கட்டியை வெட்டி எடுக்கலாம், ஊசி வழியாகச் சூடேற்றிப் பொசுக்கலாம், அதற்கு ரத்தம் கொடுக்கும் தமனியை அடைக்கலாம். முற்றிய நிலையிலும் இன்று நோயெதிர்ப்பு மருந்துகள் ஆயுளை நீட்டுகின்றன, கைவிட வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மாற்று ஈரல் பொருத்தும் அறுவை நடக்கிறது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி, சி சோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

நான் சொன்ன லாரி ஓட்டுநர் என்ன ஆனார் என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள். ஐந்து மாதம் இருந்தார். அவர் மனைவி, கடைசியில் ஒருநாள், மஞ்சளேறிய பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். முகாமில் ரத்தம் கொடுத்தபோது வந்தது. பதினாறு வருடத்துக்கு முந்தைய தேதி. அவருக்கு இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் சோதித்தோம். மூத்தவனுக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. இன்று அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது, தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அப்பாவின் லாரியை அவன்தான் ஓட்டுகிறான்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பது இருக்கட்டும். முதலில் பீரோவைத் திறந்து, பழைய ரிப்போர்ட்டுகள் இருக்கும் அந்த மஞ்சள் பையை எடுங்கள். ரத்த வங்கிக் கடிதமோ, பாசிட்டிவ் என்ற சீட்டோ, ஃபேட்டி லிவர் என்று முடியும் ஸ்கேனோ இருந்தால், திங்கட்கிழமை காலையில் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றுமே இல்லையென்றால், ஹெபடைடிஸ் பி சோதனை ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.